அது அவன்ட வேல

மாமிக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனாலும் கண்டக்குழிச் சந்தியிலுள்ள என் வயரிங் கடைக்கு அவர் வரும்போதெல்லாம் கூடவே ஒரு சைக்கிளும் வரும். கரியரில் மீன் பெட்டி, பெட்டிக்குள் சாக்கு சுற்றிய பேட்டரி. அவர் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் மணல் பாதை, சில்லு புதையும். அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டாண்டைப் போட்டு, மூச்சு வாங்கும் முன்பே என்னைக் குற்றம் சொல்லத் தொடங்கிவிடுவார். போன கிழமை நான் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றவில்லையாம். அரைகுறையாக ஏற்றிவிட்டு முழுசு என்று சொல்லிவிட்டேனாம்.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, உங்கள் மகனின் ட்ரெயிலரில்தான் ஒழுக்கு இருக்கிறது, ஓட்டைச் சட்டியில் தண்ணீர் நிரப்பித் தா என்று கேட்டால் நான் என்ன செய்ய என்பேன். வயர் இரண்டை மாற்றினால் போதும், ஒரு பொழுது வேலை, நானே வந்து செய்கிறேன் என்பேன். மாமி அதற்கு மட்டும் சண்டை பிடிக்க மாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அவன்ட வேல தம்பி. அவன் வந்து செய்யட்டும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் வாலிபப் பிள்ளைகள் யாரைக் கண்டாலும் மகன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமி என்னை அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தம்பிதான்.

அவர் மகனுக்கு என் வயது. கூட்டாளி என்று சொல்ல முடியாது. நான் செய்த வயரிங்கில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே கடைக்கு வருகிறவன் அவன். கற்பிட்டிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ட்ரெயிலர் ஒன்றை அவன் எப்படியோ தனதாக்கிக்கொண்டான். வாகனத்துக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, மேசை எல்லாம் இருக்கும். சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத்தான் திட்டம். தாய் வீட்டுக் காணியின் கடலோரத்தில், தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அந்த ஓரத்துக்குக் கரன்ட் கம்பி இன்னும் போகவில்லை. மாமியின் வீட்டிலேயே ஒரு சோலார் பல்புதான்.

இதற்கிடையில் அவனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வண்ணாத்திவில்லு. எங்களில் பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பது வழக்கம். பெண்ணின் தகப்பனிடம் சோளம் போடும் காணியைத் தவிர ஒன்றுமில்லை. மாமியின் வீடோ ஒற்றை அறை. ஆகவே மாப்பிள்ளையும் பெண்ணும் ட்ரெயிலரில் குடியேறினார்கள். சக்கரம் வைத்த சீதன வீடு என்று ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தப் பெண்பிள்ளை மட்டும் அதற்குத் திரை தைத்துப் போட்டு, வாசலில் பூச்சாடி வைத்து, உண்மையான வீடாகவே ஆக்கி வைத்திருந்தது.

பிறகு பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருஷம் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. மீன்பிடி போட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லை. சும்மா இருந்த நாட்களில் அவன் ட்ரெயிலரைத் திருத்தத் தொடங்கினான். உள்ளே கதவடியில் இருந்த பழைய பேட்டரி சுவிட்சை உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது. வயரும் மெல்லிசு, விளக்கைப் போட்டால் ஃபேன் மெதுவாகும். போட்டுகளில் பொருத்திப் பூட்டுகிற மாதிரிச் சிவப்புக் குமிழ் வைத்த, திருப்புகிற சுவிட்ச் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தான். பழையதைப் பாதி கழற்றினான். இரண்டு வயரைத் தற்காலிகமாக நேரே பேட்டரியில் முறுக்கி டேப் சுற்றினான். சுவிட்சை நிறுத்தினாலும் அந்த இரண்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டேயிருக்கும். அது அவனுக்கும் தெரியும். ஒருநாள் இரண்டுநாள் தானே என்று நினைத்திருப்பான்.

அடுத்த நாள் மாமி வெளியே பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது, கற்பிட்டிக்குப் போய்விட்டு வருகிறேன், வந்து சுவிட்சை மாட்டுகிறேன் உம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். ஆஸ்திரேலியாவுக்குக் களவாகப் போகிற போட்டில் ஏறிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. சொன்னால் தாயும் பெண்சாதியும் விடமாட்டார்கள் என்று சொல்லாமல் போனான். அந்தப் போட் போய்ச் சேர்ந்ததாக ஒருவரும் சொல்லவில்லை, பிடிபட்டதாகவும் சொல்லவில்லை. அதில் போன ஒருவனிடமிருந்தும் ஒரு போன் வரவில்லை.

மாமி அவன் சொன்ன கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வந்து மாட்டுகிறேன் என்றுதானே சொன்னான்.

அதற்குப் பிறகு அவர் இருந்த விதத்தை நான் எங்கும் கண்டதில்லை. வேலைக்கு அஞ்சுகிறவர் அல்ல. மீன் பிளப்பார், உப்புப் போடுவார், கூரைக்குத் தானே ஏறுவார், வேலி அடைப்பார். உப்புப் படியக்கூடாது என்று ட்ரெயிலரை நல்ல தண்ணீரால் கழுவுவார். டயர் மணலில் இறங்கிவிடாமல் காற்று அடிக்க என்னை இழுத்துக்கொண்டு போவார். ஆனால் மகன் பாதியில் விட்ட ஒரு வேலையிலும் கை வைக்க மாட்டார், மற்றவர்களையும் விட மாட்டார். ட்ரெயிலரின் ஒரு பக்கத்துக்கு அவன் நீலம் அடித்திருந்தான். மற்றப் பக்கம் வெள்ளைதான், அப்படியே கிடந்தது. வாசல் படிக்குப் பதிலாக அவன் கல் அடுக்கி வைத்திருந்த பலகை ஆடும். ஆடட்டும். புதுச் சுவிட்ச் மேசையில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. தூசி தட்டுவார், இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்.

பேட்டரியை மட்டும் சாக விடமாட்டார். யாரும் இல்லாத ட்ரெயிலருக்கு என்னத்துக்கு மாமி பேட்டரி என்று ஒருநாள் கேட்டேன். மருமகள்கூட மாமியோடு வீட்டில்தான் படுத்தாள். அவன் வந்து கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் எரிய வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். எனக்கு இரண்டு போட் வேலை இருந்தது.

சீசன் திரும்ப வந்தபோது லொட்ஜ்காரர் ஒருவர் ட்ரெயிலரைக் கேட்டு வந்தார். மாமி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கருவாடும் கட்டிக் கொடுத்தார், ஆள் வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் மகன் எங்கேயோ டவுனுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பின்னேரம் வரை என் கடையில் காத்திருந்தார். யார் அவருக்குச் சொல்வது? கடைசியில் நான்தான் சொன்னேன்.

பள்ளிவாசலிலிருந்து நிர்வாகத்தார் வந்த நாளில் நானும் கூட இருந்தேன். பேட்டரி கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன் மாட்டிக்கொண்டேன். உடல் கிடைக்காதவர்களுக்குத் தொழுகிற காயிப் ஜனாஸாவைத் தொழுதுவிடலாம், வருஷங்கள் போய்விட்டன, அவனுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று மௌலவி மெதுவாகத்தான் சொன்னார். மாமி பாயைத் தட்டிப் போட்டு எல்லோரையும் இருக்கச் சொன்னார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தொழுத புறகு அவன் வந்து நிண்டா, அந்தத் தொழுகைய எங்க கொண்டுபோய் வைக்கிற?"

எழும்பி வந்துவிட்டோம்.

ஊரில் சிலர் மாமிக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெளிவாகத்தான் இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அங்கே அந்தப் பிள்ளையும் இருந்தது.

மருமகளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை அண்ணன் முறையில் நானா என்பாள். தகப்பன் வண்ணாத்திவில்லிலிருந்து பல தடவை வந்து போனார். கல்யாண வழக்குப் பார்க்கிற காதியாரிடம் போனால் வழி இருக்கிறது, காணாமல் போனவனை மௌத்து என்று எடுத்துக்கொண்டு மகள் விதவைக்குரிய இத்தா இருக்கலாம், நாலு மாசமும் பத்து நாளும் முடிந்தால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை பார்க்கலாம் என்றார். நல்ல இடத்திலிருந்து ஒருவர் கேட்டும் இருந்தாராம். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார். அவள் போகவில்லை. மாமி சொல்லட்டும் என்று சொல்லிவிட்டாள். மாமி ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் என் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். சம்பந்தி பொல்லாதவர் என்றால் சண்டை பிடிக்கலாம், மகளைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறவரோடு என்ன சண்டை பிடிக்க என்றார்.

எனக்கு மாமிமேல் கோபம் வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேவிட்டேன். உங்கள் மகன் வரமாட்டான் என்றால் இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று கேட்டேன். மாமி சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "வரமாட்டான் எண்டு நீங்க சொல்லுங்க தம்பி. என்ட வாயில அது வருகுதில்ல" என்றார். அன்று பேட்டரியை நானே பெட்டியில் ஏற்றிக் கட்டி, பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

மாமியை மாற்றியது மௌலவியும் இல்லை, தகப்பனும் இல்லை, நானும் இல்லை. அந்த ஆடும் பலகைதான்.

மாமிக்குக் காய்ச்சல் என்று நானே பேட்டரியைக் கொண்டுபோன ஒரு பின்னேரம் அது. காய்ச்சலோடும் அவர் வெளியில் குந்தியிருந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். ட்ரெயிலரைக் கூட்டித் துடைத்துவிட்டு இறங்கிய மருமகள் பலகையில் கால் வைக்க, அது சரிந்து, பிள்ளை விழுந்துவிட்டது. கணுக்கால் உடனே வீங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் த்ரீவீல் ஆட்டோவிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் இந்தப் படியை அடித்துவிட்டுத்தான் போவது என்று நினைத்தேன்.

தடுத்தது மாமி இல்லை. அந்தப் பிள்ளைதான் மணலில் இருந்தபடியே கையை நீட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் நானா. அவரு வந்து அடிப்பாரு" என்றது.

அதே தாழ்ந்த குரல், அதே நிதானம். மாமி சொல்வது போலவே சொன்னது. மாமியின் கை மீன்மேல் நின்றுவிட்டது. அவர் மருமகளைப் பார்த்தார். காலில் பூச எண்ணெய் எடுத்துவர உள்ளே போனவர் திரும்பி வர நேரமாயிற்று. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மாமி சைக்கிள் இல்லாமல் வந்தார். கடைக்குள் வந்து கதிரையில் இருந்தார். அவர் என் கடையில் உட்கார்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"தம்பி, அந்த ட்ரெயிலர்ல ஃபேன் நாலு மாசம் பத்து நாளைக்கி நிக்காம ஓடணும். லைட்டும் எரியணும். என்ன செய்யணுமோ செய்ங்க."

நான் வயரிங்காரன் மாதிரியே பதில் சொல்லத் தொடங்கினேன். ஒரு பேட்டரி போதாது, இரண்டு வேண்டும், மேலே சோலார் தகடு போட வேண்டும், தடித்த வயர் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனவனுக்குப் பாதியில்தான் அந்த நாட்கணக்கு மண்டையில் ஏறியது. எங்கள் ஊரில் அந்தக் கணக்கு ஒன்றுக்குத்தான் உண்டு. புருஷன் மௌத்தான பெண், அவனோடு குடியிருந்த இடத்தில், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் அத்தனை நாளும் உள்ளேயே இருக்க வேண்டும். தகரப் பெட்டி மாதிரியான அந்த ட்ரெயிலரில், கண்டக்குழி வெயிலில், ஃபேன் இல்லாமல் ஒரு மனுஷி இருக்க முடியாது. மாமி என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய வயர்ச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வருகிறேன் மாமி என்று மட்டும் சொன்னேன்.

போய்ப் பார்த்தால் அவன் முறுக்கிய இடங்களில் டேப் உருகிப் பசையாக வடிந்திருந்தது. செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அவன் எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரையே போட்டிருந்தான், எது எங்கே போகிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் தீப்பிடிக்காமல் இருந்தது அல்லாஹ்வின் காவல். உயிரோடு இருந்திருந்தால் அவனைக் கடை வாசலில் வைத்து நன்றாகக் கிழித்திருப்பேன். வயர் வெட்டியைக் கையில் எடுத்துவிட்டு மாமியைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் இப்போதும் நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

"வெட்டுங்க" என்றார்.

டோர்ச்சை அவரே பிடித்தார். ஒவ்வொரு முடிச்சையும் நான் வெட்டி எடுக்கும்போது வெளிச்சம் ஆடவில்லை. உருகிய டேப் என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மாமி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேசையிலிருந்த புதுச் சுவிட்சையும் அவர்தான் எடுத்து வந்தார். உறை வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. மீன் பிளக்கும் கத்தியால் அதைக் கிழித்து என்னிடம் தந்தார்.

அதை நான் பழைய இடத்தில் பூட்டவில்லை. கதவடியில் பூட்டினால் ஏதும் பிழை வரும்போது நான் உள்ளே போக வேண்டிவரும். இத்தாவில் இருக்கிற பிள்ளையிடம் நான் எப்படிப் போவது? ஆகவே ட்ரெயிலரின் மூக்கில், வாகனத்தில் கொளுவி மாட்டுகிற இடத்துக்கு மேலே, வெளியில் ஒரு பெட்டி அடித்து இரண்டு பேட்டரியையும் அதற்குள் வைத்தேன். ஃபியூசை அதன் பக்கத்திலும் சோலார் தகட்டைக் கூரையிலும் போட்டேன். சுவிட்சைப் பெட்டியின் பக்கத்தில், மழை படாமல் மூடியோடு பூட்டினேன். ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, நிறுத்தம் என்று நாலு இடம். ஒரு பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்தே மற்றதுக்குத் திருப்பலாம் என்று மாமிக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போது அதை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். ஒரு வயரும் ஒளித்துப் பேட்டரியைக் குடிக்காது. மாமி திருப்பிப் பார்த்தார். உள்ளே ஃபேன் ஓடத் தொடங்கியது. படியையும் அன்றே அடித்தேன்.

மாமியே பள்ளிக்கும் காதியாருக்கும் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுதார்கள். முன்னால் உடல் வைக்கும் சந்தூக்கு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பாய்தான் இருந்தது. என் வயரிங்கில் பிழை பிடிப்பதற்கென்றே வருகிறவனுக்காக நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் மருமகளை வெள்ளை உடுப்பில் ட்ரெயிலருக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை அவ்வளவு வருஷமும் அழுது யாரும் கேட்டதில்லை. கதவு மூடியதும் கேட்டது. ட்ரெயிலருக்கு வெளியே நின்ற தகப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் முன்பக்கத்தில் பெட்டியைத் திறந்து, வயர் சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாகவில்லை. எனக்கு அங்கே வேறு வேலையும் இல்லை, ஆனால் போகவும் மனம் வரவில்லை. மாமி சுற்றிக்கொண்டு வந்து கொளுவுகிற இரும்பின்மேல் உட்கார்ந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே பெண்களோடு போய் நீங்களும் கொஞ்சம் இருங்கள் மாமி, நீங்கள் அழவே இல்லை என்றேன்.

"நான் அங்க என்னத்துக்குத் தம்பி? இத்தா பொண்டாட்டிக்குத்தானே. புருஷனுக்கு நாலு மாசம் பத்து நாள் இரிக்கி" என்றார். கடல் பக்கம் திரும்பி, "புள்ளக்கி மூணு நாள்தான் துக்கம் பிடிக்க ஏலும். எனக்கு மூணு நாள் காணாது. அதாலதான் நான் தொடங்கவே இல்ல" என்றார்.

அந்த மூன்று நாளும் மாமி வெளியே வரவில்லை. முற்றத்தில் கருவாடு காயவில்லை. என் உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காதே என்று சொல்லிச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நாலாம் நாள் காலையில் நான் கடை திறக்கும்போது மாமி பக்கத்துப் பேக்கரியில் பாண் வாங்க நின்றார். கண் இரண்டும் வீங்கி, முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. முக்காடு ஒழுங்காகப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும், ஃபேன் நன்றாக ஓடுகிறது, பிள்ளை பசியோடு இருக்கும், சூடு ஆறும் முன் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு மணல் பாதையில் நடந்தார். நான் கடைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன்.